எழுபத்திரண்டு பொட்டு

மரக்காணத்துக்காரனுக்கு மீன் எங்கே இருக்கிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதிலும் அரசப்பன் பத்து வயதிலேயே கழுவெளி ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஈட்டியால் மீன் குத்தியவன். மீன் தெரிகிற இடம் வேறு, இருக்கிற இடம் வேறு. கண் காட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே குத்தினால் அன்றைக்குக் குழம்பு. கண்ணை நம்பினால் வெறும் ரசம். அந்த அரசப்பன் இப்போது கடலை விட்டு, திண்டிவனத்தைத் தாண்டி ஒலக்கூர் பக்கம் ஹைவேயை ஒட்டி நிற்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் அட்டெண்டர். ஒன்பது வருஷமாக டெம்பரரி. இன்னும் எத்தனை வருஷம் டெம்பரரியாக இருந்தால் பர்மனன்ட் டெம்பரரி ஆகலாம் என்று ஆபீசில் கேட்டுப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கோட்டக்குப்பத்திலிருந்து ஃபர்ஹீன் என்கிற பெண் அந்த லேபுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தாள். முதல் நாளே அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, தண்ணிக்குள்ள மீனு எங்க தெரியும்?"

"இருக்கற எடத்துக்குக் கொஞ்சம் மேல தெரியும் மேடம். ஏமாந்தவன் அங்கியே குத்திக்கினு நிப்பான்."

"நான் ஒண்ணு பண்ணப் போறேன். தண்ணி அந்த மாதிரி இருந்துச்சின்னா, மீனு தண்ணிக்கு மேலயே தெரியும். அந்தரத்துல நீந்தற மாதிரி."

அரசப்பன் யோசித்துப் பார்த்தான். "அப்போ காக்கா பாடு பேஜாருதான் மேடம். கொத்திக் கொத்தி அலகு ஒடஞ்சிடும்."

ஃபர்ஹீன் சிரித்த சிரிப்பில் அடுத்த லேபிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். படித்தவர்கள் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். காக்கையைப் பற்றிக் கவலைப்பட்டவன் இவன் ஒருவன்தான். அன்றிலிருந்து அவன் அவள் கட்சி.

அவள் செய்தது இதுதான். கண்ணாடியோ தண்ணீரோ, எதன் வழியாகப் போனாலும் வெளிச்சம் வளையும். ஆனால் ஒரே பக்கமாகத்தான் வளையும். மறுபக்கம் வளைக்கிற பொருள் எந்த மண்ணிலும் விளையவில்லை, எந்தச் சுரங்கத்திலும் கிடைக்கவில்லை. வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பெயர் மெட்டா மெட்டீரியல். சர்க்யூட் போர்டில் ஒரு பக்கம் மிளகு அளவுக்குச் செம்பு வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்ன இடைவெளி. மறுபக்கம் மெல்லிய செம்புக் கோடு. அப்படி எழுபத்திரண்டு பட்டைகளைச் செய்து, அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி ஒரு சட்டத்தில் வரிசையாகச் செருகி, ஒரு முக்கோணக் கட்டியாக்கியிருந்தாள். அதன் மேல் மைக்ரோவேவ் அலையைப் பாய்ச்சினால், அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர், வளையம் மூன்றே மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு இவ்வளவு சின்ன வளையம் தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே பொருள் என்று நம்பி உள்ளே போய், மறுபக்கம் வளைந்துகொண்டு வெளியே வரும். கண்ணால் பார்க்கிற வெளிச்சத்தையே வளைக்க வேண்டுமானால் வளையம் இன்னும் பல ஆயிரம் மடங்கு சின்னதாக வேண்டும். அது ஏசி கூட ஒழுங்காக ஓடாத இந்தக் கட்டிடத்தில் நடக்காது என்பது அவளுக்குத் தெரியும். மைக்ரோவேவ் போதும் என்று இருந்தாள்.

இதனால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். இப்போதிருக்கிற லென்ஸுக்கு எட்டாத நுணுக்கத்தைக் காட்டுகிற தட்டையான லென்ஸ் வரலாம். ஆன்டெனாவைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கலாம். ஒரு பொருளைச் சுற்றி அலையை வழுக்கிக்கொண்டு போகவைத்து அந்தப் பொருளையே மறைக்கலாம். ஊர் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காலேஜ் வாட்ச்மேன் வல்லரசு, தன் மாமியாரை தீபாவளி முடிகிற வரைக்கும் மறைத்து வைக்க முடியுமா என்று மெய்யாகவே வந்து கேட்டான். துறைத் தலைவர் ராஜாமணி ஒரு படி மேலே போய், 'மாயப் போர்வை தயாராகும் மையம்' என்று வாசலில் பேனர் கட்டிவிட்டார். ஃபர்ஹீன் தலையில் அடித்துக்கொண்டாள். பேனர் காற்றில் கிழிந்து போகும்வரை அங்கேயேதான் இருந்தது.

அரசப்பனுக்கும் அந்த வேலையில் பங்கு இருந்தது. அரைவட்ட மேசையை ப்ளைவுட்டில் அறுத்து, அதன் விளிம்பில் டிகிரி கோடுகளைப் பெயின்டால் போட்டவன் அவன். நடுவில் பூஜ்யம், வலது பக்கம் தொண்ணூறு, இடது பக்கம் தொண்ணூறு. சாதாரணப் பொருள் அலையை வலது பக்கம் வளைக்கும்; அவள் கட்டி இடது பக்கம் வளைக்க வேண்டும். ஒரு முனையில் அலையை உண்டாக்குகிற சோர்ஸ்; அதன் வாயில் புனல் மாதிரி ஒரு ஹார்ன் அலையை அனுப்பும். நடுவில் பிரிசம், அந்த முக்கோணக் கட்டிதான். அலை எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று தேட ஒரு நீளக் கை, அதன் நுனியில் டிடெக்டர். அலை பட்டால் 'பீப்' என்று கத்தும். நிறையப் பட்டால் நிறையக் கத்தும். அந்தக் கையை டிகிரி டிகிரியாக நகர்த்துவது அவன் வேலை. ஈட்டி பிடித்த கை, நடுங்காது.

பிரிசத்தை மட்டும் அவள் எதிரில் இல்லாதபோது அவன் தொடக் கூடாது. 'தொடாதீர்கள்' என்று அட்டையில் எழுதவைத்து அதன் மேல் ஒட்டியிருந்தாள். அட்டையில் இருந்தது அவனுடைய கையெழுத்துதான். அவளுக்குத் தமிழ்க் கையெழுத்து கோழிக் கிறுக்கல்.

ஆறு மாதத்துக்கு முன்னால் முதல் முறையாக இடது பக்கம் பீப் கேட்டது. இடது நாற்பது. ஃபர்ஹீன் துபாயில் வேலை பார்க்கிற அவள் அத்தா சாதிக் பாட்சாவுக்கு அப்போதே போன் போடப் போனாள். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டாள். ஆராய்ச்சியைச் சோதிக்கிற பெரியவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதரோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "இடது பக்கம் திரும்பிடுச்சாம்மா?" என்று கேட்கிறார். ஏதோ மாட்டு வண்டியைப் பற்றிக் கேட்பதுபோல.

பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சியைச் சீர்தூக்கிப் பார்க்கிற குழுவில் தேவநாதன் என்றொரு பேராசிரியர் இருந்தார். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டே வரி எழுதி அனுப்பினார். 'ஒரே ஒரு அலைவரிசையில் மட்டும் இடது பக்கம் சத்தம் வருகிறது. இடது சுவரோரம் இரும்பு பீரோ இருப்பது புகைப்படத்தில் தெரிகிறது. அதில் பட்டுத் திரும்பிய அலையாக இருக்கலாம்.'

அந்த பீரோவை நகர்த்தவும் முடியாது. உள்ளே பன்னிரண்டு வருஷத்து கமிட்டி ஃபைல்கள். சாவி எங்கே என்று ராஜாமணி சாருக்கே தெரியாது.

கடைசியில் தேவநாதன் நேரில் வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர் ஒத்துக்கொண்டால் ஃபர்ஹீன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் இரவலாக வந்த சோர்ஸ் மாதக் கடைசியில் திரும்பிப் போய்விடும். அதோடு மூன்று வருஷமும் போச்சு. அவர் குறித்துக் கொடுத்த தேதியோ, பூஜை லீவுக்கு முந்தின வேலை நாள். காலேஜ் முழுக்க ஆயுத பூஜை போடுகிற நாள்.

முந்தின சாயங்காலம் ஃபர்ஹீன் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அண்ணே, காலையில நான் விழுப்புரம் போயி சாரை ஸ்டேஷன்ல கூட்டிக்கினு வர்றேன். நீங்க பூஜை வேலையப் பாருங்க. கதவு, ஜன்னலு, ஃபேனு, அந்த பாழாப்போன பீரோ, எதுக்கு வேணா பொட்டு வைங்க. ஆனா சோர்ஸு, ஹார்னு, டிடெக்டரு, இந்த மூணுக்கு மட்டும் வேணாம்."

"தெரியும் மேடம். பூஜை போட்ட ஆயுதத்த அன்னைக்கு எடுக்கக் கூடாது. எடுக்கற ஆயுதத்துக்கு அன்னைக்குப் பூஜை போடக் கூடாது. எனக்கா சொல்றீங்க?"

பிரிசத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவள் கணக்கில் அது கருவியே இல்லை. கருவிகள் எல்லாம் எதைப் பார்ப்பதற்காக இருக்கின்றனவோ, அது. அவனிடம் அதைத் தொடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. அட்டைதான் இருக்கிறதே.

காலையில் அரசப்பன் கிளம்பும்போது அவன் மனைவி பவுனு சந்தனப் பவுடர் பாக்கெட்டையும் குங்குமத்தையும் கையில் கொடுத்துவிட்டு, யாருக்கெல்லாம் பொட்டு என்று கேட்டாள். அவன் பட்டியல் சொன்னான்.

"அந்தப் பொண்ணு மூணு வருஷமா ஊட்டி வளத்த முக்கோணத்துக்கு?" என்றாள் பவுனு.

"அதப்பத்தி ஒண்ணும் சொல்லல."

"நல்லா இருக்குது நாயம். படக வுட்டுட்டுத் துடுப்புக்குப் பொட்டு வெக்கற ஆளு நீ ஒருத்தன்தான்யா. இன்னைக்கி அதுக்குத்தான பரீட்சை?"

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு அரசப்பனைக் குடைந்தது. படகைக் கடலில் இறக்கும்போது முன்முனையான அணியத்தில் சந்தனம் பூசாமல் இறக்குவார்களா? ஃபேனுக்குப் பொட்டு உண்டு, பீரோவுக்குப் பொட்டு உண்டு, அதுவும் அந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட பீரோவுக்கு. பிரிசம் மட்டும் மொட்டை நெற்றியோடு நிற்க வேண்டுமா? எட்டு மணிக்கு லேபைத் திறந்தான். கதவுக்கு மாவிலை கட்டினான். பீரோவுக்கு மட்டும் வேண்டா வெறுப்பாக ஒரு பொட்டு வைத்தான். பிறகு தான் எழுதிய அட்டையைத் தானே எடுத்து ஓரமாக வைத்தான்.

அவன் முரடன் இல்லை. தூசி துடைப்பதற்காக ஃபர்ஹீன் எதிரிலேயே பல முறை பட்டைகளைக் கழற்றிச் செருகியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. ஒன்றாம் பட்டையை உருவினான். குழைத்து வைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்துத் திரும்பச் செருகினான். வளையம் இருக்கிற பக்கம்தான் பூசினான். அதுதானே முகம்? முதுகில் யாராவது பொட்டு வைப்பார்களா? அடுக்கிய பிறகு சந்தனம் உள்பக்கம் மறைந்துபோய், வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வருகிற பெரிய மனிதர் கண்ணை உறுத்தாது என்று அதிலும் அவனுக்குத் திருப்தி. எழுபத்திரண்டும் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சூடம் மட்டும் காட்டவில்லை. சூடம் காட்டினால்தான் பூஜை; காட்டாவிட்டால் வெறும் அலங்காரம், எடுத்துப் புழங்கலாம் என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். அட்டையைத் திரும்ப ஒட்டினான்.

தேவநாதன் பதினோரு மணிக்கு வந்தார். குள்ளமான, வெள்ளை மீசை வைத்த மனிதர். பொட்டலத்துப் பொரியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ராஜாமணி அவருக்கு மாலை போட்டு, மாயப் போர்வையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு எல்லோரும் லேபுக்கு வந்தார்கள். விழுப்புரத்தில் ஐந்தரை மணிக்கு ரயில். நாலு மணிக்காவது கிளம்ப வேண்டும் என்று தேவநாதன் முதலிலேயே சொல்லிவிட்டார். நுழைந்ததும் அவர் பார்த்தது இடது பக்கத்து பீரோவைத்தான். அது பொட்டு வைத்துக்கொண்டு கல்யாண வீட்டு மாமா மாதிரி நின்றது.

முதலில் மெழுகுப் பிரிசம். மெழுகுவத்தி உருக்கி அரசப்பன் வார்த்தது. அது எல்லாப் பொருளையும் போல அலையை வளைக்கும் என்று காட்டுவதற்காக வைத்தது. அரசப்பன் டிடெக்டர் கையை நகர்த்தினான். வலது இருபத்தெட்டில் பீப் ஓங்கிக் கத்தியது. சரி என்று தேவநாதன் தலையாட்டினார்.

"இப்போ நம்மளுது," என்றாள் ஃபர்ஹீன். மெழுகை எடுத்துவிட்டு, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி பிரிசத்தைத் தூக்கி நடுவில் வைத்தாள். சோர்ஸின் அலைவரிசையைப் பத்து புள்ளி மூன்று கிகாஹெர்ட்ஸில் வைத்தாள். ஆறு மாதமாக வேலை செய்கிற எண் அது. "அண்ணே, இடது நாப்பது."

அரசப்பன் கையை இடது நாற்பதுக்குக் கொண்டு போனான். சத்தமே இல்லை.

முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, முப்பது, அறுபது. ம்ஹும். பூஜ்யம் வரை வந்தும் ஒன்றுமில்லை. வலது பக்கம் கொஞ்சம் போனதும், ஐந்து டிகிரியில், காதுக்குள் கொசு போனது மாதிரி மெல்லிய ஒரு பீப் கேட்டது.

"வலது பக்கம்," என்றார் தேவநாதன். கேலி இல்லாமல்தான் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

ஃபர்ஹீன் வயரை எல்லாம் பார்த்தாள். ஹார்னைத் திருகிப் பார்த்தாள். மெழுகுப் பிரிசத்தை மறுபடி வைத்தாள். வலது இருபத்தெட்டு, கணீரென்று. கருவியில் கோளாறு இல்லை. தன்னுடையதை வைத்தாள், ஊமை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ராஜாமணி "கரண்டு லோ வோல்டேஜ் சார்" என்று யாருக்கும் தேவையில்லாத ஒரு சமாதானத்தை எடுத்து வைத்தார்.

அரசப்பனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. சூடம் காட்டாவிட்டால் பூஜை இல்லை என்று தான் போட்ட சட்டம் அம்மனிடம் செல்லுபடியாகவில்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. பொட்டு வைத்ததை அன்றைக்கே எடுத்து வேலை வாங்கினால் அது கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? சொன்னால் ராஜாமணி இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். டெம்பரரிக்கு நோட்டீஸ் கூடத் தேவையில்லை. சொல்லாவிட்டால்? ஃபர்ஹீன் தன் நோட்டுப் புத்தகத்தை மூடப் போனாள். அவள் அழவில்லை. மூடி போடாத பேனாவுக்கு மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள், மூடி அவள் இடது கையிலேயே இருந்தது.

அதைப் பார்த்ததும் அரசப்பனுக்கு வேலை, சீட்டு எல்லாம் மறந்துபோயிற்று.

"மேடம், தப்பு எம்மேலதான். அதுக்கு நான் பொட்டு வெச்சிட்டேன்."

"எதுக்கு?"

"பிரிசத்துக்கு. எழுபத்திரண்டுக்கும். காலையில. சூடம் காட்டல, அதனால எடுக்கலாம்னு நெனச்சிக்கினேன். எடுத்தது தப்பு. கோச்சிக்கினு நிக்குது. நீங்க வேணா இன்னைக்கு வுட்டுட்டு விஜயதசமி கழிச்சி எடுத்துப் பாருங்க, நடக்கும். சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். ஃபெயில் போடாதீங்க."

ராஜாமணி வெடித்தார். "அறிவிருக்கா உனக்கு? யாரைக் கேட்டுத் தொட்ட? நாளையில இருந்து இந்தப் பக்கம்…"

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் ஃபர்ஹீன். துறைத் தலைவரை அவள் குறுக்கே வெட்டியது அதுதான் முதல் தடவை. "அண்ணே, எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"முகத்துலதான். வளையத்து மேல."

"பொட்டு மட்டுமா?"

"சந்தனத்த இந்த முனையில இருந்து அந்த முனைக்கு இழுத்து, நடுவுல குங்குமம். எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் மேடம். ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கொறச்சின்னு இல்ல."

"சந்தனம் கெட்டியா, தண்ணியா?"

"ஈரமாத்தான் கொழச்சேன். இப்பவும் உள்ள காஞ்சிருக்காது."

ஃபர்ஹீன் ஏழாம் பட்டையை உருவினாள். மஞ்சளாக, ஈரம் மினுங்க, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டோடு அது வெளியே வந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தாள். பிறகு தேவநாதனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. அரசப்பனுக்கும் ராஜாமணிக்கும்தான் புரியவில்லை.

"அண்ணே, அது கோச்சிக்கல," என்றாள் ஃபர்ஹீன். "ஈரத்துல சுதி எறங்கிடுச்சு. மிருதங்கத்துல ரவை அப்பினா சத்தம் மாறுமில்ல? அந்த மாதிரி. வளையத்து மேல தண்ணிப் பசை ஏறினா, அது பாடற எடம் கீழ போயிடும். நான் பழைய எடத்துலயே தேடிக்கினு இருக்கறேன்."

"மீனு கீழ இருக்குது, நாம மேல குத்தறோம்," என்றான் அரசப்பன்.

"அதேதாண்ணே."

பட்டையைத் திரும்பச் செருகினாள். சோர்ஸை பத்து புள்ளி மூன்றிலிருந்து இறக்கினாள். பத்து புள்ளி ஒன்று. பத்து. ஒன்பது புள்ளி எட்டு. அரசப்பன் டிடெக்டரை இடது நாற்பதில் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். ஒன்பது புள்ளி ஆறில், மெல்லிசாக, தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி, ஒரு பீப். கையை ஒரு டிகிரி இப்படி, ஒரு டிகிரி அப்படி நகர்த்திப் பார்த்தான். முப்பத்தெட்டில் அது நன்றாகவே கத்தியது. முப்பத்தெட்டு. இடது பக்கம்.

"இருங்க இருங்க," என்றார் தேவநாதன். மனிதர் சுலபத்தில் மசிகிறவர் இல்லை. "பீரோ எதிரொலி இப்போ ஒன்பது புள்ளி ஆறுல கேக்குதுன்னு நான் சொல்லலாமே?"

ஃபர்ஹீன் போய் டேபிள் ஃபேனை எடுத்து வந்து பிரிசத்துக்கு நேராகப் போட்டாள். அதற்கும் ஒரு பொட்டு இருந்தது. பிறகு எல்லோரும் ஆளுக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சந்தனம் காய்வதைப் பார்த்தார்கள். அந்த லேபில் அதுவரை நடந்த ஆராய்ச்சியிலேயே மெதுவானது அதுதான். ராஜாமணி இரண்டு முறை மணி பார்த்துவிட்டு, ஐயாவுக்கு ரயில் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். ஐயா பொரியில் கிடந்த, இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தேடித் தின்றுகொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்தில் ஒன்பது புள்ளி ஆறில் சத்தம் மங்கியது. ஃபர்ஹீன் சோர்ஸை ஏற்றினாள். ஒன்பது புள்ளி ஏழில் மறுபடி கேட்டது, முன்னைவிடக் கணீரென்று. இன்னும் கால் மணி நேரம். ஒன்பது புள்ளி ஒன்பது. அப்புறம் பத்து. ஈரம் குறையக் குறைய அந்த பீப் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒரு தடவையாவது வலது பக்கம் போகவேயில்லை. தேவநாதன் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து எண்ணைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். நாலே கால் ஆயிற்று. ரயிலைப் பற்றி இப்போது ராஜாமணி கூடப் பேசவில்லை.

பத்து புள்ளி ஒன்றில் கேட்டபோது அரசப்பனால் தாங்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"பீரோவுக்கும் நான்தான் பொட்டு வெச்சேன். ஆனா பீரோவுக்கு ஏது சார் ஈரம்? காயறது இதுதான?"

தேவநாதன் அவனையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெள்ளை மீசையில் பொரி ஒட்டியிருந்தது. "ஃபர்ஹீன், உங்க அறிக்கையில நான் எழுதின ரெண்டு வரிக்கு இதவிட நல்ல பதில நீங்களே எழுத முடியாது. பீரோவுக்கு ஏது ஈரம்! வளையத்தை நனைச்சா எறங்குது, காஞ்சா ஏறுது. அப்போ வளைக்கறது வளையம்தான். எனக்குப் போதும். சமர்ப்பிங்க."

ஃபர்ஹீன் தாவணி போடுகிற மாதிரி தோளில் கிடந்த துப்பட்டாவை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓரமாகப் போய் துபாய்க்குப் போன் போட்டாள். "அத்தா, திரும்பிடுச்சு," என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமாம் அத்தா, எடது பக்கம்தான்," என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அரசப்பன் பீரோ பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவனுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. பெரிய மனிதர்கள் எதிரில் துடைக்கக் கூச்சம்.

தேவநாதன் கிளம்பும்போது கையிலிருந்த மல்லாட்டையை உருட்டிப் பார்த்தார். "திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டையில ஈரம் இருக்கான்னு எப்படிப் பாக்கறாங்க?"

"கையில குலுக்கிப் பாப்பாங்க சார். பல்லுல கடிச்சும் பாப்பாங்க," என்றான் அரசப்பன்.

"இனிமே கடிக்க வேண்டாம்னு நெனைக்கறேன். இத்தனை துல்லியமா ஈரத்தைச் சொல்ற ஒண்ணு இங்க இருக்கே. ராஜாமணி சார், மாயப் போர்வையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதைப் பாருங்க." வாசலில் செருப்பை மாட்டியபடியே இன்னொன்றும் சொன்னார். "அப்புறம் இவரை நாளையில இருந்து வர வேண்டாம்னு நீங்க ஏதோ சொல்ல ஆரம்பிச்சீங்க. முடிக்கவே இல்ல."

"நாளைக்கு லீவு சார். அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் ராஜாமணி.

விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு, பவுனு கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அரசப்பனுக்குப் போன் வந்தது. ஃபர்ஹீன்.

"அண்ணே, லேபுக்கு வர முடியுமா? இன்னைக்கி ஆயுதத்த எடுக்கலாமில்ல?"

"இன்னைக்கிதான் மேடம் எடுக்கணும். இதோ வர்றேன்."

"வரும்போது சந்தனம் வாங்கிக்கினு வாங்க. அதே கடை, அதே பாக்கெட்டு. ஆய்வேட்டுல எழுதணும். திரும்பச் செஞ்சி காட்டினாத்தான் ஒத்துப்பாங்க. நான் நேத்து நாலு பட்டைக்குப் பூசிப் பாத்தேன், ஒண்ணு தடிமனா வருது, ஒண்ணு மெல்லிசா வருது. எழுபத்திரண்டையும் ஒரே மாதிரி இழுக்க உங்க கையாலதான் ஆவும்."

அரசப்பன் கூழ்க் குவளையைக் கீழே வைத்தான். "குங்குமம் மேடம்?"

"குங்குமமும்தான். அன்னைக்கி எப்படி வெச்சீங்களோ அப்படியே."

அவன் லேபுக்குப் போனபோது மேசை மேல் பிரிசத்தின் காலிச் சட்டம் தயாராக இருந்தது. பட்டைகள் ஒன்று முதல் எழுபத்திரண்டு வரை வரிசையாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. சட்டத்தின் மேல் அவன் கையெழுத்தில் இருந்த அட்டையைக் காணவில்லை.

"அட்டை எங்க மேடம்?" என்றான், சந்தனத்தைக் குழைத்தபடி.

"கிழிச்சிட்டேன்," என்றாள் ஃபர்ஹீன், நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஜல்தி ஆரம்பிங்கண்ணே. ஈரம் காஞ்சிடும்."